பஞ்சு போல ஓடிய கார் தடதடக்கிறது: எந்த டயர் போடலாம்?

கேள்வி: என்னிடம் இருப்பது பின்சக்கர இயக்கமுள்ள சொகுசு செடான். வயது ஆறு, ஓடியது 46,000 கி.மீ. காருடன் வந்த 245/45 ஆர்18 ரன்ஃப்ளாட் (காற்று போனாலும் சிறிது தூரம் ஓடும்) டயர்கள்தான் இன்னும் ஓடுகின்றன, ஸ்டெப்னி கிடையாது. புதிதில் உள்ளே கிசுகிசுத்தால்கூடக் கேட்கும். இப்போது 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் 'உய்ங்' என்று ஓர் இரைச்சல்; பாலத்து இணைப்புகளில் 'தட் தட்' என்று இடிக்கிறது. கடைக்காரர் 19 அங்குல அலாய் வீலும் ஸ்போர்ட்ஸ் டயரும் போடச் சொல்கிறார். இல்லாவிட்டால் 68 டெசிபல் என்று லேபிள் ஒட்டிய ஒரு டயரைக் காட்டி, அதுதான் சத்தமே வராதது என்கிறார். பின்னால் இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா என்றும் தெரியவில்லை. எனக்கு வேகம் முக்கியமில்லை. அமைதியும் மெத்தென்ற ஓட்டமும் திரும்ப வேண்டும்.

பதில்: 19 அங்குல வீலை முதலில் மறந்துவிடுங்கள். நீங்கள் கேட்பதற்கு நேர் எதிரான பொருள் அது. நான்கு டயரையும் சேர்த்தே மாற்றுங்கள். இப்போதுள்ள அளவிலோ, ஓர் அங்குலம் சிறிய வீலிலோ, டூரிங் ரகமாக, அதாவது அமைதிக்கும் மெத்தென்ற ஓட்டத்துக்கும் செய்ததாகப் பாருங்கள். ரன்ஃப்ளாட்டை விடுவதா, தொடர்வதா என்பதற்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும், கீழே போடுவோம். ஆனால் டயருக்குப் பணம் கட்டும் முன் அந்த 'உய்ங்' எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். சக்கரம் சுழல உதவும் பேரிங்கின் சத்தத்துக்கு டயர் மாற்றி ஏமாந்தவர்கள் ஏராளம்.

காரைச் சமதளத்தில் நிறுத்திவிட்டு, பின் டயரின் ட்ரெட் (சாலையைத் தொடும் பரப்பு) மேல் உள்ளங்கையை வைத்து, டயர் உருளும் திசையில் ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை தடவிப் பாருங்கள். மெதுவாகத் தடவுங்கள், தேய்ந்த டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும் கை, மறு திசையில் ரம்பப் பல்லில் பட்டதுபோல இடறினால், ட்ரெட்டில் உள்ள ரப்பர் கட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு முனை உயர்ந்தும் மறுமுனை தேய்ந்தும் போயிருக்கின்றன என்று அர்த்தம். அந்த மேடுகள் வரிசையாகச் சாலையை அறைவதுதான் நீங்கள் கேட்கும் இரைச்சல். பின்சக்கரங்களில், அதுவும் உள்பக்க ஓரத்தில்தான் இது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். வெளியே நின்று குனிந்து பார்த்தால் டயர் நன்றாகவே தெரியும். லிஃப்டில் ஏற்றி உள்ஓரத்தைத் தடவினால்தான் உண்மை தெரியும்.

கை இடறவில்லை என்றால் ஆளில்லாத சாலையில் இன்னொரு சோதனை செய்யலாம். சத்தம் நன்றாகக் கேட்கும் வேகத்தில் சீராக ஓட்டியபடி, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது சத்தம் ஏறி, மறுபக்கம் திருப்பும்போது இறங்கினால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். எடை எந்தப் பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறதோ அந்தப் பக்கத்துப் பேரிங் அலறும். சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். உங்கள் காரில் நான்கும் ஒரே அளவு என்பதால், முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் எளிது. சத்தம் டயரோடு சேர்ந்து இடம் மாறினால் சந்தேகமே வேண்டாம்.

'தட் தட்' வேறு கதை. ரன்ஃப்ளாட் பாதி காரணம் என்றாலும், ஆறு வயதுக் காரில் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களும் ஷாக் அப்சார்பரும் அதன் மேல்பக்க மவுண்டும் தளர்ந்திருக்கலாம். ட்ரெட்டில் வட்டவட்டமாகக் குழி விழுந்திருந்தாலோ, ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தாலோ அதை முதலில் சரிசெய்யுங்கள். ரம்பத் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் டோ கோணம் (சக்கரம் நேராக நிற்காமல் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) விலகியதே காரணம். அதை விட்டுவிட்டுப் புது டயர் போட்டால், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே 'உய்ங்' திரும்ப வரும். பழியை டயர் கம்பெனி சுமக்கும்.

இனி அளவுக்கு வருவோம். 245/45 ஆர்18 என்பதில் 245 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அதாவது உங்கள் டயரின் பக்கச்சுவர் 110 மி.மீ. கடைக்காரர் சொல்லும் 19 அங்குலத்துக்குப் பொருந்துவது 245/40. அதில் பக்கச்சுவர் 98 மி.மீ.தான். 17 அங்குலத்துக்கு இறங்கினால் 225/55 வரும்; பக்கச்சுவர் 124 மி.மீ. மூன்றின் மொத்த விட்டமும் 678, 679 மி.மீ. என்று ஏறத்தாழ ஒன்றேதான். ஆகவே ஸ்பீடோமீட்டர் குழம்பாது, வீல் ஆர்ச்சில் இடிக்காது. மாறுவதெல்லாம் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள காற்றும் ரப்பரும்தான். 19 அங்குலத்துக்கும் 17 அங்குலத்துக்கும் இடையே அந்த மெத்தையில் 26 மி.மீ. வித்தியாசம். குழியில் விழும்போது ரிம் வளைகிறதா, இல்லையா என்பதையும் பல சமயம் அந்த ஓர் அங்குலமே தீர்மானிக்கிறது.

எனவே உங்கள் மாடலின் கீழ் ரகம் 17 அங்குல வீலோடு விற்கப்பட்டிருந்தால், அந்த வீலைத் தேடுவது நல்ல யோசனை. கையேட்டிலும், ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் 225/55 ஆர்17 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் உங்கள் இன்ஜின் ரகத்துக்குப் பெரிய பிரேக் போட்டிருந்தால் 17 அங்குல வீல் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகம்) இடிக்கும். ஒரு வீலை மாட்டிச் சுழற்றிப் பார்க்காமல் நான்கு வாங்காதீர்கள். வீலின் ஆஃப்செட்டும் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காரும் என்ற அளவு) நடுத்துளை விட்டமும் காருக்கு உரியவையாக இருக்க வேண்டும். 225/55 டயருக்கு ரிம் அகலம் 6 முதல் 8 அங்குலத்துக்குள். இது எதுவும் ஒத்துவராவிட்டால் கவலை வேண்டாம். 18 அங்குலத்திலேயே நீங்கள் தேடுவதில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் பலர் படிப்பதே இல்லை. 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும்; 97 என்றால் 730; 100 என்றால் 800. எழுத்து வேக வரம்பு: வி 240 கி.மீ., டபிள்யூ 270, ஒய் 300. ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே போகவே கூடாது. அவசியமில்லாமல் மேலே போவதும் உங்களுக்கு நல்லதல்ல. எக்ஸ்எல் என்று குறித்த டயரின் உடற்கட்டு கனமான சுமைக்காக முறுக்கேறியது; அந்தக் கூடுதல் சுமையைத் தாங்கக் கூடுதல் காற்றும் கேட்கும். கார் கம்பெனி எக்ஸ்எல் கேட்டிருந்தால் அதைத்தான் போட வேண்டும். கேட்கவில்லை என்றால், 'ஸ்ட்ராங் சார், இதையே போடுங்க' என்ற பேச்சுக்கு மயங்கி இறுக்கத்தை விலை கொடுத்து வாங்காதீர்கள்.

இப்போது ரன்ஃப்ளாட். காற்று முழுவதும் போனாலும் சுமார் 80 கி.மீ. தூரம், 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் ஓட்டிச் சேர்வதற்காக இதன் பக்கச்சுவரில் தடித்த ரப்பர் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காற்றில்லாமலே காரைத் தூக்கி நிறுத்தும் சுவர், காற்று இருக்கும்போது மட்டும் எப்படி வளைந்து கொடுக்கும்? பாலத்து இணைப்பில் நீங்கள் கேட்கும் 'தட்' அந்தச் சுவர் வழியாகத்தான் ஏறி வருகிறது. சாதாரண டயரைவிட இதன் எடையும் கூடுதல். சாதாரண டயருக்கு மாறியதும் முதல் வேகத்தடையிலேயே வித்தியாசம் தெரியும். ஸ்டீயரிங் திருப்பலில் ஒரு நூலளவு தாமதம் சேரும். உங்கள் ஓட்டத்துக்கு அது பொருட்டல்ல.

ஆனால் மூன்றைச் சரிபார்த்துவிட்டுத்தான் மாற வேண்டும். டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் எச்சரிக்கை அமைப்பு வேலை செய்ய வேண்டும். பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்பதற்கு விடை டிக்கியில் இருக்க வேண்டும்: ஒன்று, உங்கள் பிரேக்கில் இடிக்காத ஒல்லி ஸ்டெப்னி, ஜாக், வீல் ஸ்பானர்; அல்லது அடைப்புத் திரவமும் சிறிய கம்ப்ரஸரும். திரவம் ஆணித் துளையை அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அது பயனில்லை. டப்பாவில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள். மூன்றாவது, நான்கும் மாற வேண்டும். இரண்டு ரன்ஃப்ளாட், இரண்டு சாதாரணம் என்று கலந்தால் முன்னும் பின்னும் வெவ்வேறு விதமாக வளைந்து, அவசரத் திருப்பலில் கார் எதிர்பாராத விதமாக நடந்துகொள்ளும். இரவில் ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் தனியாக அடிக்கடி ஓட்டுபவர் என்றால், இடிப்பைப் பொறுத்துக்கொண்டு புதிய தலைமுறை ரன்ஃப்ளாட்டையே தொடர்வதில் தவறில்லை. ஆறு வருடம் முந்தைய உங்கள் டயர்களைவிட அவை சற்று மென்மையானவைதான். நடுவழி ஒன்றும் உண்டு: உள்ளே பிசின் பூசிய, தானே அடைத்துக்கொள்ளும் டயர். கான்டினென்டலின் கான்டிசீல் அப்படிப்பட்டது. ட்ரெட் பகுதியில் 5 மி.மீ. வரையுள்ள துளையை அடைத்துவிடும், பக்கச்சுவர் சாதாரண டயருடையதைப் போலவே வளையும்.

ரகத்தைப் பொறுத்தவரை, நீங்கள் தேட வேண்டிய பெயர்கள் மிஷலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா, குட்இயர் எஃபிஷியன்ட்கிரிப் பெர்ஃபார்மன்ஸ், யோகோஹாமா அட்வான் டிபி போன்றவை. பைலட் ஸ்போர்ட், பொடென்சா, ஈகிள் எஃப்1, பி ஸீரோ ஆகியவை அருமையான டயர்கள்தான். ஆனால் அவை திருப்பங்களில் பிடிப்புக்காகப் பிறந்தவை. அவற்றின் இறுக்கம் உங்களுக்குக் குறையாகவே தெரியும். ஒரே கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் டயருக்கும் டூரிங் டயருக்கும் உள்ள வேறுபாடு, இரண்டு கம்பெனிகளின் டூரிங் டயர்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது. அதனால் எந்தக் கம்பெனி என்ற சண்டையில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

கடையில் நிற்கும்போதே பக்கச்சுவரில் படிக்கக்கூடிய ஒன்று உண்டு. பொடி எழுத்தில், ட்ரெட்டில் எத்தனை அடுக்கு, சைடுவாலில் எத்தனை அடுக்கு என்று அச்சாகியிருக்கும். சைடுவால் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 1 என்று இருந்தால் ஒற்றை அடுக்கு. 2 என்றால் இரட்டை. பொதுவாக ஒற்றை அடுக்கு எளிதாக வளையும், இரட்டை அடுக்கு குழிகளைத் தாங்கும். குண்டும் குழியுமான பாதையே உங்கள் அன்றாடம் என்றால் இரட்டையைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒற்றையே போதும். ட்ரெட்வேர் என்று அதே இடத்தில் உள்ள எண், டயர் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கான ஒப்பீடு. தயாரிப்பாளரே கொடுத்துக்கொள்ளும் மதிப்பெண் என்பதால், ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

அந்த 68 டெசிபல் லேபிளில்தான் உங்கள் கடைக்காரர் தவறிவிட்டார், அல்லது தெரிந்தே தவறவிட்டார். ஐரோப்பிய லேபிளில் உள்ள அந்த எண் காருக்கு வெளியே அளந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கார் 80 கி.மீ. வேகத்தில் உருண்டு போகும்போது, பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் பதிவாகும் ஒலி அது. தெருவில் நிற்பவருக்கான அளவு; இருக்கையில் அமர்ந்திருக்கும் உங்களுக்கானது அல்ல. உள்ளே கேட்கும் சத்தத்தில் பெரும்பங்கு காற்று வழியாக வருவதே இல்லை. பக்கச்சுவர், வீல், சஸ்பென்ஷன் வழியாக அதிர்வாக ஏறி வருகிறது. 68 போட்ட இறுக்கமான டயர், 71 போட்ட மென்மையான டயரைவிட உள்ளே அதிகம் இரைவது சாதாரணமாக நடக்கும். லேபிளில் நீங்கள் பார்க்க வேண்டியது ஈரச்சாலைப் பிடிப்பு. ஏ முதல் இ வரை போகும் அதில் ஏ அல்லது பி இருக்கட்டும்.

டயரின் உள்சுவரில் நுரைப்பட்டை ஒட்டிய வகைகளும் உண்டு. கான்டினென்டல் அதைக் கான்டிசைலன்ட் என்கிறது, மிஷலின் அகூஸ்டிக் என்கிறது, பைரெல்லி பிஎன்சிஎஸ் என்கிறது. டயருக்குள் அடைபட்ட காற்று ஒரு குழலுக்குள் இருப்பதுபோல 200 ஹெர்ட்ஸை ஒட்டி ரீங்கரிக்கும்; கரடான சாலையில் 'கூம்' என்று காதை அடைக்கும் ஒலி அதுதான். நுரை அதை நன்றாகவே விழுங்கும். ஆனால் ரம்பத் தேய்மான இரைச்சலுக்கோ பாலத்து இடிக்கோ அதனால் ஆவது ஒன்றுமில்லை. உங்கள் புகார் இரண்டும் அந்த வகை என்பதால், நுரை இல்லையே என்று வருந்த வேண்டாம். உங்கள் அளவில் கிடைத்தால் போனஸ். பஞ்சர் போடும்போது துளை உள்ள இடத்து நுரையை வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், அது தெரிந்த கடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய டயரில் அளவுக்கு அருகே நட்சத்திரக் குறியோ, எம்ஓ, ஏஓ போன்ற எழுத்தோ இருக்கலாம். நட்சத்திரம் பிஎம்டபிள்யூவுக்காக, எம்ஓ மெர்சிடிஸுக்காக, ஏஓ ஆடிக்காகத் தனியாகப் பதம்பார்த்துச் செய்தது என்று பொருள். அந்தக் குறியுள்ள டூரிங் டயர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கிடைக்காவிட்டால் குறியில்லாத நல்ல டூரிங் டயர் நான்கும் ஒரே மாடலாக இருப்பது போதும். குறியுள்ளது இரண்டு, இல்லாதது இரண்டு என்று மட்டும் வேண்டாம்; பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கலவையும் கட்டுமானமும் வேறாக இருக்கலாம்.

இரண்டு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு, ரன்ஃப்ளாட்டை விடுகிறீர்கள் என்றால் விடை மேலேயே வந்துவிட்டது. ரன்ஃப்ளாட்டிலேயே தொடர்ந்தாலும், ஆறு வருட ரப்பர் இறுகிப்போயிருக்கும். முன் இரண்டில் ட்ரெட் மிச்சமிருந்தாலும் மென்மை மிச்சமிருக்காது. பக்கச்சுவரில் டாட் என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. புதிய டயர் வாங்கும்போதும் இதே எண்ணைப் பார்த்து, நான்கும் அருகருகே உள்ள தேதிகளா என்று உறுதி செய்யுங்கள். ட்ரெட்டின் ஆழம் 1.6 மி.மீ. என்பது பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசிக் கோடு. ஈரச்சாலையில் நிற்கும் தூரம் 3 மி.மீட்டருக்குக் கீழேயே கணிசமாகக் கூடிவிடும், அதனால் அதுவரை இழுக்காதீர்கள். என்றைக்காவது இரண்டுதான் மாற்ற முடியும் என்ற நிலை வந்தால், புதியவை எப்போதும் பின்னால். தேய்ந்தவை பின்னால் இருந்தால் மழையில் பின்பக்கம் வழுக்கிக் கார் சுழலும்.

நல்ல டயரையும் மோசமாகப் பொருத்தினால் சொகுசு போய்விடும். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது அதன் எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக வர வேண்டும். டயரை ரோலரால் அழுத்திச் சுழற்றி அளக்கும் ரோடு ஃபோர்ஸ் பேலன்சர் உள்ள கடையாகத் தேடிப் போங்கள். சாதாரண பேலன்சர் எடையை மட்டுமே பார்க்கும். டயரின் ஒரு பக்கம் மற்றதைவிட விறைப்பாக இருந்தால் அதற்குத் தெரியாது. 80 முதல் 120 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங்கிலோ இருக்கையிலோ தோன்றும் நடுக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கும். 'பேலன்ஸ் பூஜ்யம் காட்டுகிறதே' என்று கடையில் திரையைக் காட்டினால், டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் 'வெளிப்பக்கம்' என்ற குறி உண்மையிலேயே வெளியே இருக்கிறதா என்று நான்கிலும் பாருங்கள். வால்வில் அழுத்த சென்சார் இருந்தால் அதன் ரப்பர் வாஷரும் வால்வ் ஊசியும் புதிதாக மாறட்டும். சென்சாரின் பேட்டரி 5 முதல் 10 வருடம்தான் வரும். உங்களுடையதற்கு வயது ஆறு, டயர் கழற்றியிருக்கும்போதே மாற்றிவிடுவது இரட்டைக் கூலியைத் தவிர்க்கும். பின்சக்கர கோணங்களையும் சேர்த்து நான்கு சக்கர அலைன்மென்ட் கட்டாயம். முன்னால் மட்டும் பார்த்து அனுப்பினால் உங்கள் பழைய நோய் அப்படியே இருக்கும்.

கடைசியில் காற்று. பாதிப் புகார்கள் இங்கேதான் தீர்கின்றன. பல கடைகளில் எந்தக் காராக இருந்தாலும் 40 பிஎஸ்ஐ அடித்து அனுப்புவார்கள். ஸ்டிக்கரில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: குறைந்த ஆட்களுக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. தினசரி ஓட்டத்துக்கு முதல் கட்டம். மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற டயரில், உங்கள் கைவசமுள்ள மானியால் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதை இறக்கக் கூடாது. மென்மைக்காக ஸ்டிக்கருக்குக் கீழே இறங்குவதும் வேண்டாம். ஓரம் தேயும், டயர் சூடாகும், குழியில் ரிம் அடிபடும். நைட்ரஜன் அடித்தால் மெத்தென்று இருக்கும் என்பதை நம்ப வேண்டியதில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து கழற்றும்போது ஒட்டிய வழுவழுப்பு இருக்கும். முதல் 200, 300 கி.மீ. வரை திடீர் பிரேக்கும் மழைநாள் வேகமும் வேண்டாம். 100 கி.மீ. ஓடியதும் கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கு டார்க் ஸ்பானரால் வீல் போல்ட்களை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். 8,000 முதல் 10,000 கி.மீட்டருக்குள் முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள். அன்றைக்கு வீல் கையில் இருக்கும்போதே, பின் டயர்களின் உள்ஓரத்தில் அதே உள்ளங்கைச் சோதனையைச் செய்யுங்கள். கை இடறினால் அலைன்மென்ட் அறிக்கையைக் கேட்டு வாங்கி, பின் டோ எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.